பதினாறுக்குப் பதினைந்து

முகம் மழிக்காமல் நான் யாரிடமும் பேசியதில்லை. இருபது நிமிடம் தாமதமானது அதனால்தான், மன்னியுங்கள் மேடம். என் வழக்கறிஞரை வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வந்தால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் முழங்கையைத் தொடுவார். நீங்கள் அழைத்து நான் வரவில்லை என்பதையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ரோக்காமூத்தா விசாரணையை மூடி நான்கு ஆண்டு ஆகிறது. நானாகத்தான் வந்திருக்கிறேன்.

ரெமிஜியோ மெல்கியோந்தா. வயது அறுபத்தெட்டு. மண்டலப் பேரவைக்கு ஆறு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவன். இரண்டு ஆட்சிகளில் பொதுப்பணித் துறை என்னிடம் இருந்தது. ஐந்து கட்சிகளில் இருந்திருக்கிறேன். பத்திரிகைகள் ஏழு என்று எழுதுகின்றன. அதில் இரண்டு கட்சிகள், நான் உள்ளே இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொண்டவை. அதற்கு நான் பொறுப்பாக முடியாது.

முதலில் இருந்தது பாதிரியார்களின் கட்சி. அதன் பெரிய தலைவர்கள் ஒரே வாரத்தில் சிறைக்குப் போனார்கள். அந்த வாரக் கடைசியில் நான் கட்சி அலுவலகம் போனபோது நாற்காலிகளைக்கூட யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் சிலுவை மட்டும் இருந்தது. நானும் வேறு இடம் தேட வேண்டியிருந்தது. பிறகு புதிய மையம். பிறகு இடதுசாரிகளுக்கு ஒரு ஆள் குறைந்தபோது மலைநாட்டு ஐக்கியம். தாவினேன் என்கிறார்கள். நான் பேரவையில் மூன்றாவது வரிசையில் அதே இருக்கையில்தான் இருந்தேன். ஆட்சிகள்தான் வந்து போய்க்கொண்டிருந்தன.

வாக்காளர்கள் கொள்கையை எதிர்பார்க்கிறார்கள் என்று வடக்கிலிருந்து வரும் பேராசிரியர்கள் சொல்வார்கள். முப்பது ஆண்டில் ஒருவர்கூட என்னிடம் கொள்கை கேட்டு வந்ததில்லை. மருமகனுக்கு வனத்துறையில் வேலை, மாமியாருக்கு மருத்துவமனையில் படுக்கை, மாட்டுக் கொட்டகை வரை தார்ச்சாலை. கேட்டதைக் கொடுத்தேன். நான் எந்தக் கொடியின் கீழ் நின்று கொடுக்கிறேன் என்று அவர்கள் ஏறிட்டுப் பார்த்ததில்லை. பார்த்த ஒரே ஆள் சபினோ, அதுவும் கொடிகளை அவன் சுமக்க வேண்டியிருந்ததால்.

சபினோ தொர்த்தொரெல்லாவை உங்களுக்குக் கோப்புகள் வழியே தெரியும். ரோக்காமூத்தாக்காரன். பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். இருபத்தாறு ஆண்டு என் செயலாளர், கார் ஓட்டியும் அவன்தான். சிரிக்கத் தெரிந்த மனிதன். ஒருமுறை நான் கட்சி மாறிய மறுநாள் வந்து சொன்னான்:

“ரெமி, ஒரு வாரம் முன்னாடியாவது சொல்லுடா. பழைய கொடியோடயே ஊருக்குள்ள போயிட்டேன். பார்ல சீட்டாடிட்டிருந்த கிழவனுங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுறானுங்க.”

“என்ன சொன்னானுங்க?”

“உன் மொதலாளி இன்னிக்கு எந்தப் பக்கம்னு அவன் பொண்டாட்டிக்காவது தெரியுமான்னு கேட்டானுங்க.”

“நீ என்ன சொன்ன?”

“சாயங்காலம் வாங்க, கேட்டுச் சொல்றேன்னேன்.”

ரோக்காமூத்தாவில் மலை சரிந்த ஆண்டு ஜூன் மாதம் எங்கள் துறையின் நிலவியலாளர் லியாந்த்ரா என் அறைக்கு வந்தாள். கெட்டிக்காரப் பெண். ஆனால் செருப்பில் சேற்றோடு கம்பளத்தில் நடக்கிற ரகம். ரோக்காமூத்தாவின் வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். மலைச்சரிவில் இருக்கும் மேல்தெருவைச் சுற்றிச் சிவப்பில் கோடு போட்டிருந்தாள்.

“சார், மேல்தெரு முழுசா நகருது. வருஷத்துக்கு ஒரு விரக்கடை நகர்ந்தது, இப்ப மாசத்துக்கு ஒண்ணு. மழைக்கு முன்னாடி அறுபத்திமூணு குடும்பத்தையும் கீழ இறக்கணும். உத்தரவு நீங்கதான் போட முடியும்.”

“எப்ப விழும்?”

“தேதி தெரியாது சார். விழும்கிறது தெரியும்.”

அறிக்கையை வாங்கிக்கொண்டேன். வழக்கம்போல சபினோ பதிவேட்டில் வரவு வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

அந்த நேரத்தில் இடதுசாரி ஆட்சி நாள் எண்ணிக்கொண்டிருந்தது. தெற்கு முன்னணி புதிய கூட்டணி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. ஆட்சியைக் கவிழ்க்கும் வாக்கெடுப்பில் முப்பத்தோரு பேரில் பதினாறு பேர் வேண்டும். நான் அந்தப் பக்கம் போனால் பதினைந்து. பதினாறாவது ஆள் கொசிமோ. இருபது ஆண்டுக்கு முன் ரோக்காமூத்தாவின் மேயர். மேல்தெருவில் வீடு கட்ட அனுமதி கொடுத்தவன். அங்கே கான்கிரீட் கொட்டியது அவன் பெரியப்பா மகன். அறிவாளி என்று யாரும் அவனைக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் எண்ணிக்கையில் அவனும் ஒன்றுதான்.

கொசிமோ என்னைச் சாப்பிட அழைத்தான். சுட்ட ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே கேட்டான்:

“மேல்தெருவப் பத்தி ஒரு காகிதம் உன் மேசையில இருக்காமே?”

“இருக்கு.”

“இருக்கட்டும். இப்ப அந்த ஜனத்தக் கீழ இறக்குனா, அனுமதி குடுத்தது யாருன்னு நாளைக்கே பேப்பர்ல வரும். அப்புறம் உன் கூட்டணி என்னைத் தொடுமா? வாக்கெடுப்பு முடியட்டும். நீ கையெழுத்துப் போடு, பேனாவ நானே கொண்டுவந்து தர்றேன்.”

நியாயமான பேச்சாகத்தான் எனக்குப் பட்டது. வாக்கெடுப்பு ஜூலையில் நடப்பதாக இருந்தது. மழை நவம்பரில். அறிக்கையின் முதல் தாளில் ‘மேலாய்வுக்கு’ என்று எழுதி இழுப்பறையில் வைத்தேன்.

ஜூலையில் நடக்கவில்லை. ஒருவருக்கு மருத்துவமனை வாரியத் தலைவர் பதவி வேண்டியிருந்தது. செப்டம்பரில் இன்னொருவருக்கு அதே பதவி வேண்டியிருந்தது. லியாந்த்ரா மூன்று கடிதம் எழுதினாள். மூன்றையும் படித்தேன். அக்டோபரில் சபினோ கேட்டான்:

“ரெமி, அந்த மேல்தெரு விஷயம் என்னாச்சு? என் தங்கச்சி வீட்டுக் கதவு சாத்த மாட்டேங்குது.”

“மரம் ஈரத்துல உப்பியிருக்கும்டா.”

“அது இரும்புக் கதவு.”

அடுத்த மாதம் பார்க்கலாம் என்றேன். அவன் மறுபடி கேட்கவில்லை. நான் மறந்துவிட மாட்டேன் என்று நம்பினான்.

வாக்கெடுப்பு நவம்பர் பத்தொன்பது, காலை பதினோரு மணிக்கு என்று முடிவானது. நான்கு நாளாக மழை. எட்டரைக்கு லியாந்த்ரா தொலைபேசியில் அழைத்தாள். என் அனுமதி இல்லாமலே மேலே போயிருந்தாள். மாதா கோயில் சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு என்றாள். இன்றைக்கே விழும் என்றாள். எழுத்தில் அனுப்பு என்று சொல்லிவிட்டு, பார்த்து வரும்படி சபினோவை அனுப்பினேன். பத்து நாற்பதுக்கு அவன் என்னை அழைத்தான். இரண்டு நிமிட அழைப்பு, உங்கள் கோப்பில் இருக்கிறது. ஆட்சி பதினாறுக்குப் பதினைந்து என்று கவிழ்ந்தது. பதினொன்று இருபத்தைந்து. கை குலுக்கினோம். பன்னிரண்டு பத்துக்கு மலை இறங்கி மேல்தெருவில் ஒரு வரிசை வீடுகளை மூடியது. பத்தொன்பது பேர் செத்தார்கள். சபினோவும் அவன் தங்கையும் அதில் இருந்தார்கள், சமையலறையில்.

சவப்பெட்டியை நானும் தோள் கொடுத்துத் தூக்கினேன். என் சபினோ என்று இரங்கல் உரையில் சொன்னேன், அழவும் செய்தேன். அது நடிப்பில்லை.

பிறகு நீங்கள் வந்தீர்கள், அல்லது உங்களுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்தவர் வந்தார். அறிக்கை எங்கே என்று கேட்டார். பதிவேட்டில் சபினோவின் கையெழுத்து மட்டும்தான் இருந்தது. நான் ‘மேலாய்வுக்கு’ என்று எழுதிய தாள் ஏற்கெனவே என் வீட்டுக் கணப்பில் எரிந்துபோயிருந்தது. என்னிடம் அவன் காட்டவே இல்லை என்றேன். அந்த இரண்டு நிமிடத்தில், எல்லோரையும் கீழே கூட்டிப் போ என்று நான் சொன்னதாகவும், அவன் என் பெயரைச் சொல்லி நேர்மாறாகச் செய்துவிட்டதாகவும் சொன்னேன். பிழைத்தவர்களும், ரெமிஜியோ வீட்டுக்குப் போகச் சொல்கிறான் என்று சபினோ சொன்னதாகத்தான் சாட்சி சொன்னார்கள். என் குரலை யாரும் கேட்கவில்லையே. அறிக்கையை என் கையில் கொடுத்ததாக லியாந்த்ரா சத்தியம் செய்தாள். பதவி உயர்வு கிடைக்காத கோபம் என்று கொசிமோ பத்திரிகைகளிடம் சொன்னான். கடைசியில் கிணறுகளின் ஆழம் அளக்கும் பிரிவுக்கு அவளை மாற்றினோம். அங்கிருந்து அவளே வடக்குப் பக்கம் போய்விட்டாள்.

சபினோவின் மனைவி அசுந்தா ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ரெமி, ஊர்ல எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க. அவரு உங்கிட்ட அப்படி மறைப்பாரா? நீ சொல்லு. நீ சொன்னா நான் நம்புறேன்.”

“மறைச்சிட்டான் அசுந்தா. ஏன்னு எனக்கும் தெரியல.”

தலையை ஆட்டினாள். அந்த வாரம் அவள் கதவில் யாரோ தார் பூசினார்கள். கல்லறைக் கல்லில் பதித்திருந்த சபினோவின் படத்தை அவளே பெயர்த்து எடுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். பிறகு ஊரைவிட்டுப் போனாள். அடுத்த தேர்தலில் எனக்கு முன்பைவிட அதிக வாக்கு. ரோக்காமூத்தாவிலும்தான். செத்தவர்களின் குடும்பங்களுக்குக் கீழூரில் வீடு வாங்கிக் கொடுத்தது நான்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத் தூங்குகிறவன்.

இரண்டு வாரம் முன்பு தெற்கு முன்னணியும் உடைந்தது. அதில் பாதி, குடிமக்கள் சங்கமம் என்ற புதுக்கூட்டத்தில் சேர்ந்திருக்கிறது. அதன் தலைவி ஆல்பா என்கிற முப்பத்து நான்கு வயதுப் பெண். நானும் பேசிப் பார்த்தேன். கொசிமோவை எடுத்துக்கொண்டார்கள். என்னைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது எனக்குப் புரியும், அதில் வருத்தம் இல்லை. ஆனால் தொலைக்காட்சியில் அவளிடம் காரணம் கேட்டார்கள். சிரித்தாள், மேடம். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“மெல்கியோந்தாவா? அவருக்குன்னு ஒரு ஓட்டு என்னிக்கு இருந்துச்சு? ஜனங்க போட்டது அந்தச் செத்துப்போன செயலாளருக்கு. கடைசியா ஜெயிச்சது மண்சரிவு அனுதாபத்துல. உள்ள ஆள் இல்லாத கோட்டு அது.”

அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை. பாரில் எனக்குத் தெரிந்தவர்களே தலையாட்டுகிறார்கள். சபினோ நல்லவன், சபினோதான் எல்லாம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். தார் பூசிய அதே கைகள். முப்பத்தோரு ஆண்டு இந்த மண்டலத்தில் நான் கட்டியெழுப்பிய பெயரை, செத்துப்போன ஒருவன் கணக்கில் சேர்த்துவிட்டு என்னை வெறும் கோட்டு என்கிறாள். இதைத் திருத்த வேண்டும் என்றுதான் வந்தேன். ஆகவே அந்த இரண்டு நிமிடத்தில் என்ன பேசினோம் என்பதை இப்போது உள்ளபடி சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பேரவை மணி அடிக்க இருபது நிமிடம் இருந்தது. கொசிமோ எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தொலைபேசியில் மழைச் சத்தத்துக்கு நடுவே சபினோ கத்தினான்:

“ரெமி, மேல்தெரு ஜனம் மொத்தமும் கோயில் முன்னாடி வந்து நிக்குது. கைக்கொழந்தையோட, பையத் தூக்கிட்டு நிக்குறாங்க. கீழ பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்னு லியாந்த்ரா சொல்லுது. நானும் போலாம்னேன். கேக்க மாட்டேங்குறாங்கடா. நீ சொல்லாத, ரெமிஜியோ என்ன சொல்றான்னு கேளுங்குறாங்க.”

செய்தி வெளியே வந்தால் கொசிமோ எழுந்து போய்விடுவான். பதினைந்துக்குப் பதினைந்து ஆகிவிடும். அன்றே விழும் என்று எனக்குத் தெரியும். லியாந்த்ரா பொய் சொல்கிறவள் இல்லை. மதியத்துக்குள் விழாது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

“வீட்டுக்குப் போகச் சொல்லு,” என்றேன். “நான் சொன்னேன்னு சொல்லு. ஒண்ணும் ஆகாது. அடுப்பு பத்த வச்சு ஈரத் துணிய மாத்தச் சொல்லு. சாயங்காலம் நானே வர்றேன்.”

“நெசமாவா ரெமி?”

“நெசமா. நீயும் தங்கச்சி வீட்ல போய்ச் சாப்பிடு.”

நான் இணைப்பைத் துண்டிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் சபினோ அப்படியே சொன்னான். லியாந்த்ரா அழுதுகொண்டே கெஞ்சுவது கேட்டது. பிறகு காலடிச் சத்தங்கள், கதவுகள். நிலவியல் படித்தவள் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. சபினோ சொல்லியும் கேட்கவில்லை. எதிரே கோயில் சுவர் பிளந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே, நான் சொன்னேன் என்ற ஒரே வார்த்தைக்காக இருநூறு பேர் வீட்டுக்குள் திரும்பிப் போனார்கள்.

இந்த மண்டலத்தில் மக்கள் அந்த அளவுக்கு நம்புகிற இன்னொரு அரசியல்வாதியின் பெயரை ஆல்பா சொல்லட்டும், மேடம். காத்திருக்கிறேன்.