பூத்த மரத்துக்கு மருந்து

— அந்த பாட்டிலை இப்படிக் கொடு, கெரிட். ஒளிச்சு வைக்க அது என்ன சாராயமா?

— ஒளிக்கல, வில்மா. எடுத்து வைக்கிறேன்.

— பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாடியா?

— மெதுவாப் பேசு. வேலிக்கு அந்தப் பக்கம் நோரீன் இருக்கா.

— இருக்கா. காலையிலேருந்து தேன்பெட்டிங்க முன்னாடி முட்டி போட்டு உட்கார்ந்திருக்கா. செத்த தேனீயை எல்லாம் துடைப்பத்தால கூட்டி வாளியில அள்ளிப் போடுறா. நேத்து மத்தியானம் நீ நம்ம ஆப்பிள் மரத்துக்கு மருந்து அடிச்சே. இன்னைக்கு அங்க வாளி நிறையுது.

— நான் அடிச்சது சொறிக்கு. இலையில கரும்புள்ளி விழுமே, அதுக்கு. பூஞ்சாண மருந்து தேனீயை என்ன பண்ணும்? கல்யாணம் ஆன வருஷத்துலேருந்து கந்தகம் அடிக்கிறேன், ஒரு ஈ செத்ததில்லை.

— கந்தகம் தீர்ந்து போச்சுன்னு நீதானே சொன்னே?

— தீர்ந்துதான் போச்சு. இந்த வாரம் பூரா மழைன்னு ரேடியோவுல சொல்றான். போன வருஷம் மாதிரி ஆயிட்டா? சர்ச் விருந்துக்கு அனுப்ப ஒரு கூடை நல்ல பழம் தேறலையே. எல்லாம் அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி இருந்துச்சு. அதான் கடைக்குப் போனேன், ஆப்பிள் சொறிக்குன்னு கேட்டேன், இதைக் கொடுத்தான்.

— சொறிக்கும் புழுவுக்கும் சேர்த்து ஒரே மருந்துன்னு போட்டிருக்கு. பழத்துக்குள்ளேருந்து புழு தலையை நீட்டுற மாதிரி படம் வேற. புழுவைக் கொல்றது தேனீக்கு மட்டும் வணக்கம் சொல்லி வழி விடுமா?

— கண்ணாடி போட்டுக்கல.

— பூ உதிர்ற வரைக்கும் புழு மருந்தைத் தொடாதேன்னு ஊருக்கெல்லாம் பாடம் நடத்துறவன் நீ.

— புழு மருந்துன்னு தெரிஞ்சா தொட்டிருப்பேனா? சாயங்காலம் பாட்டிலைக் கழுவும்போதுதான் பார்த்தேன். அப்புறம் எனக்குத் தூக்கமே இல்லை.

— அப்போ நேத்தே தெரியும் உனக்கு.

— தெரிஞ்சு என்ன பண்ண? பூவுல பட்டது பட்டதுதான். மழை வந்து கழுவிடும்னு நினைச்சேன். வரலை.

— போய்ச் சொல்லிடு. இப்பவே போ.

— என்னன்னு போய்ச் சொல்ல? அவ புருஷன் போனப்புறம் அந்தத் தேன்பெட்டிங்களைக் கட்டிக்கிட்டுத்தான் பொழுதை ஓட்டுறா.

— அதனாலதான் சொல்லணும்.

— வரா. வில்மா, கும்பிட்டுக் கேக்குறேன். முதல்ல நான் பேசுறேன்.

— கதவு திறந்திருந்துச்சு, உள்ள வந்துட்டேன். தேனும் மெழுகும் ஒட்டின இந்தக் கையோட மணி அடிக்க முடியலை.

— வா, நோரீன். உட்காரு. கெரிட் உன்கிட்ட ஏதோ சொல்லணும்னான்.

— நானே சொல்லிடுறேன், வில்மா. மூணு பெட்டியில ரெண்டு போச்சு. யாருன்னும் தெரிஞ்சு போச்சு. டிர்க்.

— டிர்க்கா? அவன் தோட்டம் உன் வீட்டுக்கு அந்தப் பக்கம்தான், ஆனா அவன் மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி உனக்கு போன் பண்ணுவானே?

— பண்ணுவான். இந்தத் தடவை பண்ணலை. கேட்டா, பூ இருக்கும்போது நான் ஏன் அடிக்கப் போறேன்ங்கிறான். அவன் வேலையாளுங்க முன்னாடியே கத்திட்டேன். பொய்யன்னு சொன்னேன். தொப்பியைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னான். குத்தம் பண்ணாதவன் அப்படி நிப்பானா, கெரிட்?

— நோரீன், அது வந்து, நேத்து...

— அவனுக்காகப் பரிஞ்சு பேசாதீங்க. உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க. விவசாய ஆபீசுக்கு போன் பண்ணிட்டேன். நாளைக்கு ஆள் வரான். மருந்து அடிக்கிற உரிமத்தைப் பிடுங்கிட்டா அந்தத் தோட்டத்தை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்னு பார்க்கிறேன்.

— காபி போடட்டுமா, கெரிட்? இல்ல, நீ சொல்ல வந்ததை முதல்ல சொல்லி முடிச்சுடுறியா?

— போடு. இல்ல, வேண்டாம். இரு, வில்மா.

— காபி எல்லாம் வேண்டாம், எனக்கு நேரமில்லை. மூணாவது பெட்டியில ராணி பிழைச்சிருக்கா. கூட ஒரு கைப்பிடி சின்னதுங்க, இன்னும் கூட்டை விட்டு வெளிய வராததுங்க. மேயப் போனதெல்லாம் செத்துப் போச்சு, வீட்டுக்குள்ள இருந்ததுங்க மட்டும் தப்பிச்சுது. நாளைக்கோ மறுநாளோ அதுங்களும் முதல் தடவையாப் பறக்கும். பறந்து பழகாததுங்கிறதால இடத்தை மாத்தினாலும் குழம்பாது. டிர்க் பக்கம் இனிமே அதுங்களை விட மாட்டேன்.

— நீ செய்யுறது சரிதான். தூரமா எங்கேயாவது கொண்டு போயிடு, நோரீன். ரொம்ப தூரமா.

— தூரம் தாங்காது, கெரிட். தெம்பே இல்லை அதுங்களுக்கு. வாசல்லயே பூ இருக்கணும், எட்டிப் பார்த்தா சாப்பாடு கிடைக்கணும். உங்க மரத்தைப் பார்த்தேன், ஒரு கிளை விடாம பூத்திருக்கு. இந்தத் தெருவுலயே கண்ணை மூடிக்கிட்டு நான் நம்புற மரம் அது ஒண்ணுதான். சின்னப் பெட்டிக்கு மாத்தி எடுத்துட்டே வந்துட்டேன், உங்க வாசப்படியில இருக்கு. மரத்தடியில வச்சுக்கட்டுமா?