தும்பை என்று நான் சொன்ன செடி

பெயர் கங்கா. தகப்பனார் பெயர் வெங்கிடராமன். வயது நாற்பத்து நான்கு. பிறந்த ஊர் மன்னார்குடி. தற்சமயம் மட்டாஞ்சேரி, கொச்சங்காடியில், மூடிக் கிடக்கும் இஞ்சிக் கிடங்குக்கு எதிரே மாடி வீட்டில் குடியிருக்கிறேன். எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது என்பதால் நான் தமிழில் சொல்ல, தலைமைக் காவலர் வைத்தீஸ்வரன் எழுதுகிறார். அவர் பாலக்காட்டுக்காரர். தமிழ் எழுதி வெகுநாளாயிற்று என்கிறார். அதனால் நானும் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன்.

கிடங்கின் காவலாளி சுடலைமணி மேல் கொடுக்கப்பட்ட புகார் சம்பந்தமாக என்னை யாரும் அழைக்கவில்லை. நானாக வந்தேன். இந்த மேசை மேல் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்திருக்கும் செடிக்கட்டைத் திறந்து என்னிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே வந்தேன். அந்தச் செடியில் எனக்குத் தெரிந்து உயிரோடு மிச்சமிருப்பது அந்த உறைக்குள் இருப்பது மட்டும்தான். இனி நான் சொல்வதெல்லாம் அது ஏன் என்பதற்கான விவரம்.

போன வருடம் ஆவணியில் கிடங்கின் பின்முற்றத்தில், ஓட்டுக்கூரைத் தண்ணீர் சொட்டும் மதிலடியில் அந்தச் செடியை முதலில் பார்த்தேன். முழங்கால் உயரம். தண்டு உருண்டையாக இல்லாமல் நாலு பட்டையாக இருந்தது. இலைகள் எதிரெதிராக, கணுவுக்குக் கணு வெள்ளைப் பூக்கள் கொத்தாக. புதினா, துளசி, தும்பை எல்லாம் ஒரே குடும்பம், இந்த அடையாளங்கள் அவற்றுக்குப் பொது என்பதால், ஏதோ தும்பை என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு குந்தி உட்கார்ந்து பார்த்தபோது பூவின் கீழுதட்டில் மயிரிழை போல ஓர் ஊதாக் கோடு தெரிந்தது. தும்பைக்கு அது கிடையாது. இலையைக் கசக்கி முகர்ந்தேன், சுக்கு வாசனை அடித்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம் என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு எங்கள் துறைத் தலைவர் விஸ்வேஸ்வரனும் நானும் பழைய சேகரிப்புகளையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்து, இதற்கு முன் யாரும் இதை எழுதி வைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். இஞ்சி மூட்டையோடு மலையிலிருந்து விதை வந்திருக்கலாம் என்று நினைத்து மலைப்பக்கம் போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. கல்லூரித் தோட்டத்தில் நட்ட துண்டுகள் அழுகின, தூவிய விதை முளைக்கவில்லை. அந்த மதிலடி மண்ணில் என்ன இருந்ததோ, அங்கே மட்டும் இந்த மழைக்கும் தானாக முளைத்தது. புதுச் செடிக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் ஒரு கிளையைப் பறித்துக் காகிதத்தில் அழுத்திக் காயவைத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்பது முறை. அதற்கென்று ஒரே ஒரு கிளை பறித்தேன். அதைப் பறிக்கவே எனக்குக் கை வரவில்லை.

இருக்கும் இடத்தை வெளியே சொல்லாமலிருப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அபூர்வம் என்று காதில் விழுந்தால் போதும், வேரோடு தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. அதனால் செடியைப் பற்றி எழுதிய கட்டுரையிலும் இடத்தை மறைத்தோம், செடியின் பெயரிலும் ஊர்ப்பெயரைச் சேர்க்கவில்லை. சுடலைமணியிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இது வெறும் தும்பை, பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் காட்டுவது, யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொன்னேன். அவர் தென்காசிப் பக்கத்து ஆள். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர். வழிதவறி வரும் ஆடுகளைக்கூட அந்தப் பக்கம் அண்டவிட்டதில்லை.

ஓணத்துக்கு வாசலில் பூக்களம் என்று பூக்கோலம் போடுகிறவர்களுக்குத் தும்பை எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதன் நடுவில் மண்ணால் பிடித்து வைக்கும் திருக்காக்கரையப்பனுக்குத் தும்பைதான் சாத்துவார்கள். ஆனால் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்த்ததெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும் செண்டுமல்லியும் வாடாமல்லியும்தான். எங்கள் வீட்டில் பூக்களம் போடுவதும் இல்லை. தும்பை என்று சொல்லிவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நான்தான் புத்திசாலித்தனமாக நினைத்தேன்.

திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று காலை எங்கள் கட்டுரை வெளியானது. கல்லூரியில் எனக்கு லட்டு கொடுத்தார்கள், கை குலுக்கினார்கள். அதே காலையில் எங்கள் சந்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஸ்ரீநாத் கிடங்கு வாசலில் வந்து நின்றிருக்கிறார். இந்த வருடப் பூக்களப் போட்டியில் லாரிப்பூ கூடாது, நாட்டுப்பூ மட்டும்தான் என்று சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். தும்பைக்கு அலையாய் அலைந்து, கடைசியில் சுடலைமணியிடம் கேட்டிருக்கிறார்.

மதியம் நான் திரும்பி வந்தபோது மதிலடி மொட்டையாக இருந்தது. பெருக்கிச் சுத்தமாகவும் இருந்தது. என்ன நடந்தது என்று கேட்டதற்குச் சுடலைமணி, மண்ணோடு எடுத்தால்தான் வாடாது என்று அத்தனையையும் வேரோடு எடுத்துக் கட்டிக் கொடுத்ததாகச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுத வேண்டும்: "யாரையும் உள்ள விடப்பிடாதுன்னு சொன்னீய, ஒருத்தரையும் விடல டீச்சர். நானேதான் புடுங்கி வாசல்ல வச்சுக் குடுத்தேன். தும்பைதான, நாளும் கெழமையுமா கேக்கும்போது இல்லைன்னு எப்படிச் சொல்லுகது?"

அதன் பிறகு பூக்களம் போட்டிருந்த இடத்துக்கு ஓடினேன். பூக்களையெல்லாம் உருவி வெள்ளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. அதற்கு முதல் பரிசும் கிடைத்திருந்தது. உருவிய தண்டுகளை உரக்குழியில் போடச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். சாக்கைக் கேட்டபோது ஸ்ரீநாத் ஆள் விட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஒரு தும்பைக்கு இத்ர சங்கடப்படணுமோ டீச்சரே? அடுத்த மழைக்குத் தன்னாலே முளைச்சு வருமல்லோ," என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாட்டுச் செடி மேல் பிரியம் உள்ள மனிதர்.

சாக்கைப் பிரித்தேன். வேர்கள் மண் உதிர்ந்து வெயிலில் சுருண்டிருந்தன, திரும்ப நட்டால் பிடிக்காது. ஒரு தண்டை எடுத்து, பூ உதிர்ந்த கிண்ணத்தைப் பிளந்து பார்த்தேன். நான்கு விதைகளில் மூன்று பச்சையாக இருந்தன. ஒன்று பழுப்பாகத் தொடங்கியிருந்தது. தண்டோடு நிழலில் காற்றாட விரித்தால் இரண்டொரு விதையாவது முற்றலாம் என்று தோன்றியது. விஸ்வேஸ்வரனுக்குப் போன் செய்து அழுதேன். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை பொறுக்கவில்லை. காவலாளி அபூர்வச் செடியை விற்றுவிட்டான் என்று அன்று மாலையே இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்தார். சுடலைமணி எதையும் விற்கவில்லை. நான் தண்டுகளை வீட்டில் விரிப்பதற்கு முன் போலீஸார் வந்து, வழக்குச் சொத்து என்று சாக்கை என் கையிலிருந்து வாங்கினார்கள். ஈரத்தோடு உறையில் போட்டுக் கட்டினார்கள். காற்றுப் போக ஒரு துளையாவது போடச் சொன்னேன். முத்திரை வைத்ததில் துளை போடக் கூடாது என்றார்கள்.

மண்ணில் விதை கிடக்குமே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். போலீஸ், அபூர்வச் செடி என்று கேள்விப்பட்ட கிடங்கு உரிமையாளர், அரசாங்கம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பயந்து, திருவோணத்துக்கு மறுநாள் முற்றம் முழுவதும் கான்கிரீட் போட்டுவிட்டார். சுடலைமணியையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவரும் அவர் மனைவி இசக்கிசெல்வியும் இப்போது இந்த நிலையத்தின் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது அவர்களைத் தாண்டித்தான் வந்தேன். அவர் எழுந்து நின்றார், எனக்கு அது பொறுக்கவில்லை. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. செடியின் நிஜத்தைச் சொல்லியிருந்தால் அவர் உயிரைக் கொடுத்துக் காத்திருப்பார்.

உறையைத் திறக்கக் கோர்ட் உத்தரவு வேண்டும், கோர்ட்டுக்கு ஓண விடுமுறை என்று இன்ஸ்பெக்டர் சொல்கிறார். அவர் மரியாதையாகத்தான் சொல்கிறார். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறைக்குள் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருப்பதும், அடியில் வெள்ளையாகப் பூஞ்சை ஏறியிருப்பதும் தெரிகிறது. விடுமுறை முடிந்து திறந்தால் அதில் ஒன்றும் இருக்காது. கல்லூரி அலமாரியில் காகிதத்தோடு ஒட்டிய ஒரு காய்ந்த கிளை இருக்கிறது. பெயர் நிலைக்க அது போதும். செடிக்குப் போதாது.

கடைசியாக, உறை மேல் ஒட்டும் சீட்டில் சொத்தின் பெயரை எழுத வேண்டும் என்று தலைமைக் காவலர் கேட்டார். நாங்கள் வைத்த பெயரைச் சொன்னேன். சுடலைமணியும் ஸ்ரீநாத்தும் தும்பை என்றே சொல்லியிருக்கிறார்கள், நான் மட்டும் வேறு பெயர் சொன்னால் கோர்ட்டில் கேள்வி வரும் என்றார். அவர்களுக்கு அது தும்பை என்று சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். சீட்டில் தும்பை என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் என் வாயால் சொன்னது, எல்லாம் நிஜம். திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) கங்கா

என் முன்னிலையில்: வைத்தீஸ்வரன், தலைமைக் காவலர்