அடித்தகடு

ஐயா, இரும்புக் குழாய் எப்போதும் அடிப்பக்கம்தான் முதலில் கெடும். மேலே தட்டினால் கணீரென்று இருக்கும்; அடியில் தண்ணீரும் மணலும் அரித்துக்கொண்டே இருக்கும். சாலைக்கு அடியில் புதைத்த வடிகால் குழாய்களுக்குள் குனிந்து போய்ப் பார்த்து, எது இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வதுதான் என் வேலை.

பள்ளத்துச் சாலைக் குழாய் அடுத்த மழைக்குத் தாங்காது என்றேன். பொறியாளர் என்னை நம்பிச் சாலையை மூடினார். எல்லோரும் சுற்றிப் போனார்கள். என் தங்கையும் ஸ்கூட்டரில் சுற்றித்தான் போனாள். மழை வெளுத்து வாங்கியது. குழாய் அசையவில்லை. பிறகு சேற்றை வாரிப் பார்த்தேன். நான் துரு என்று நினைத்தது வெறும் செம்மண் கறை. அடியில், துரு ஏறாமல் காக்கும் துத்தநாகப் பூச்சு பளபளவென்று இருந்தது.

சாலையைத் திறந்தார்கள். அலுவலகத்தில் எனக்குத் 'துரு' என்று பெயர் வைத்தார்கள். யாராவது இருமினால் போதும், "துருவக் கேளு, எத்தன நாள் தாங்குவேன்னு சொல்லும்" என்பார்கள். கூடவே சிரித்தேன், உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. தங்கையும் விடவில்லை. "அண்ணா, உன் குழாய்க்கு நம்மளவிட ஆயுசு கெட்டி" என்று என் வீட்டு வாசலிலேயே சொன்னாள். மற்றவர்கள் சிரித்ததைப் பொறுத்துக்கொண்டேன். அவள் சிரித்ததைப் பொறுக்க முடியவில்லை.

கோடையில் வாய்க்கால் வறண்டது. குழாயின் இரு முனையிலும் மண் மூட்டை அடுக்கினேன். கம்பி பிரஷால் அடிப்பூச்சைச் சுரண்டி, ஆசிட் ஊற்றித் தேக்கினேன். பட்டப்பகலில்தான். மேலே போன பால்காரர், "என்னங்க, சுத்தம் பண்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வற்ற வற்ற ஊற்றினேன். கடைசியில் விரலால் குத்தினாலே தகடு பொத்துக்கொண்டது.

மழை வந்தது. ஓட்டைகள் வழியே தண்ணீர் மண்ணை இழுத்துக்கொண்டு போனது; மேலே தார் மட்டும் மிச்சம் நின்றது.

தங்கை அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அன்று காலை என் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் புறப்பட்டாள். சுற்றிப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "உன் குழாய் இன்னிக்கு எப்படிண்ணா இருக்கு?" என்று சிரித்தாள். வாயை மூடிக்கொண்டேன். சற்று நேரத்தில் ஸ்கூட்டரோடு சாலை உள்வாங்கிவிட்டது.

ஆசிட் ஊற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் போன மழையிலேயே, அந்த வழியே போகாதே என்று அவளிடம் முதலில் சொன்னவனும் நான்தான். அண்ணன் பேச்சை மதித்திருந்தால் இன்று உயிரோடு இருந்திருப்பாள்.