ஜால்ராவுக்கு ஓர் ஆள்

கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காடு போகும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு விவசாயிகள்.

“ஏனுங்க, அம்மன் கோயில் நோம்பிக்குப் பெரிய வித்வான்களையெல்லாம் ஒரே செட்டா வாசிக்க வெச்சீங்களாமா?”

“அதை ஏன் கேக்கறீங்க? மூணு நாதஸ்வரம், ரெண்டு தவிலு. அத்தனை பேரும் சொந்தமா செட்டு வெச்சுப் பேரெடுத்தவங்க. அம்மன் பொறப்பட நிக்குது, ஜால்ராவை ஒருத்தரும் தொட மாட்டேன்னுட்டாங்க.”

“அவங்களுக்கு மத்தவங்க போட்டுத்தானுங்களே பழக்கம்!”

“அப்பறம் கமிட்டித் தலைவரோட மச்சான் கையில குடுத்தோமுங்க.”

“அவனுக்குத் தாளம் தெரியுமுங்களா?”

“எங்கீங்க தெரியும்? தலைவர் ரசிச்சுத் தலையாட்டறப்பெல்லாம் போட்டானுங்க, எப்பவும் போடற மாதிரியே. ஒரு எடத்துலகூடப் பிசகலீங்க.”