காலித் தட்டு

நான் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. என் தங்கையைக் கேட்டால் சொல்வாள். இப்போது கேட்டால் சொல்வாளா என்பது வேறு விஷயம்.

காமா கதிர் லேசர் என்றால் என்ன என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சில அணுக்கருக்கள் வாங்கிய ஆற்றலை வருடக்கணக்கில் விடாமல் பிடித்து வைத்திருக்கும், பழைய சண்டையை மறக்காத சொந்தக்காரர்களைப்போல. எக்ஸ்ரேயால் லேசாகத் தூண்டினால் அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் காமா கதிராகக் கொட்டவேண்டும். நடக்காத காரியம் என்று பெரிய தலைகள் எல்லாம் கைகழுவிவிட்டார்கள். என் திரையில் மட்டும், எக்ஸ்ரே பட்டதும் காமா கதிரைக் காட்டும் கோட்டில் சின்னதாக ஒரு மேடு எழும்பும். அந்த மேட்டை நம்பித்தான் என் பாதி ஆயுசு போனது.

இயந்திரத்தை இயக்கியவன் என் தங்கை கணவன். நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். எங்கள் ஆய்வை மூடுவதா வேண்டாமா என்று குழு கூடவிருந்த அன்று காலையில் வந்து நின்றான்.

"மச்சான், மாதிரி வைக்கிற தட்டுல ஒண்ணுமே வைக்காம ஓட்டிப் பாத்தேன். அதே மேடு வருது. இவ்வளவு நாளா பேயை வெச்சு லேசர் பண்ணியிருக்கோம்போல."

சிரிக்கவைக்கப் பார்த்தான். குழுவிடம் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். காலில் விழாத குறை.

"மறைச்சா உங்க பேருதான் கெடும். நானே பக்குவமா சொல்றேன், மச்சான்."

கடைசியாக ஒருமுறை மாதிரியை வைத்து ஓட்டுவோம் என்றேன். சரி என்றான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கதிர் அறைக்குள்ளே போகிறவர் இயந்திரத்தின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். சாவி வெளியே இல்லாவிட்டால் எக்ஸ்ரே வராது. அன்று அவன் இரண்டு கையிலும் தட்டு இருந்தது.

"சாவிய நீங்களே வெச்சுக்குங்க. நீங்க என்ன வேத்தாளா?"

ஈயக் கதவு மூடியது. நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன். கைதவறி இல்லை. உள்ளே இருந்த நிறுத்தும் பொத்தான் பழுது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டினான், பிறகு கத்தினான். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "மச்சான் பாவம், கவனிக்கல" என்று என் தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான் செத்தான். நான் கவனித்தேன், ஐயா.

ஆனால் மேடு அன்றைக்கு எழும்பிய உயரத்துக்கு ஒருநாளும் எழும்பியதில்லை. அவன் உடம்பில் பட்டுச் சிதறிய கதிர் அது என்கிறார் உங்கள் நிபுணர். அவசரப்படுகிறார். இன்னும் ஒரே ஒருமுறை ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கிக்கொடுங்கள். தட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்க ஓர் ஆள் மட்டும் வேண்டும்.