மில்லுக்குப் போன எட்டுப் பேர்

அவைக்கு அணியாய் அமர்ந்து, எந்தப் பக்கம் தலையசைப்பது என்று இன்னும் முடிவு செய்யாத நடுநிலை நாயகர், உத்தமபாளையத்து வணிகச் செம்மல், தலைவர் காதர்மைதீன் ராவுத்தர் அவர்களே! எனக்கு வலப்புறம் வீற்றிருந்து, இவன் என்ன பேசித் தொலைப்பானோ என்று வேர்த்துக்கொண்டிருக்கும் பெருநிலக்கிழார் மொக்கைச்சாமி அவர்களே! இடப்புறம் வீற்றிருந்து வெற்றிப் புன்னகை வீசிக்கொண்டிருக்கும் பருத்தி மில் மேனேஜர் சண்முகராஜ் அவர்களே! கம்பம் பள்ளத்தாக்கின் கழனியெல்லாம் கதிர் குலுங்கச் செய்யும் சம்சாரிப் பெருமக்களே! பந்தலின் நிழலை ஆண்களுக்குத் தானம் செய்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் இந்த நல்லகண்ணுவின் வணக்கம்.

அல்லிநகரத்தில் கூடியிருக்கும் இந்த மாநாட்டின் முன்னால் ஒரு தீர்மானம் இருக்கிறது. வாசிக்கிறேன், கேளுங்கள். "மில் வேலைக்கு ஆள் அனுப்பும் எந்தக் குடும்பத்துக்கும் நம் சம்சாரிகள் ஒருவரும் வயல் வேலை கொடுப்பதில்லை என இம்மாநாடு முடிவு செய்கிறது." அடடா! என்ன கம்பீரம்! என்ன காரம்! இதை எழுதிய அறிவாளி யார் தெரியுமா? அடியேன்தான்.

யாரது, அங்கே சிரிப்பது? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். போன மாதம் இதை எழுதியவன் நான். இன்று இதைத் தோற்கடிக்க வந்திருப்பவனும் நான். புத்தி பிந்தி வந்தால் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடவா முடியும்?

அன்பர்களே! போடிக்கு ரயில் வந்து எட்டு ஆண்டு. பருத்தி மில் இங்கே புகைவிட ஆரம்பித்து மூன்று ஆண்டு. அன்றிலிருந்து நம் வாயில் ஒரே பாட்டு. ஆள் இல்லை, ஆள் இல்லை! நடவுக்கு ஆள் இல்லை, களையெடுக்க ஆள் இல்லை, அறுப்புக்கு ஆள் இல்லை! உண்மைதானா இது? மொக்கைச்சாமி அவர்கள் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். அவர் என் மைத்துனர், கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்தாலும் சாயங்காலம் என் வீட்டில்தான் சாப்பாடு.

இவருடைய ஆறு ஏக்கரில் ஆண்டுதோறும் இருபது பெண்கள் நடவு நடுவார்கள். மில் வந்தது, எட்டுப் பேர் போய்விட்டார்கள். பன்னிரண்டு பேர் மிச்சம். மைத்துனர் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார். யோசித்து ஒரு மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்தார். ஆளை இழுப்பது மில்காரன் கொடுக்கிற கூலி அல்லவாம், காலையில் ஊதுகிறானே அந்த ஊதல்தானாம்! உடனே ரயில்காரர்களைப் பிடித்து ஒரு துண்டுத் தண்டவாளம் வாங்கி வந்து, வாய்க்கால் ஓரத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டார். இவரிடம் கடிகாரம் கிடையாது. ஆகவே மில்லில் ஊதல் கேட்டதும் இங்கே இவர் சுத்தியலால் 'டங் டங்' என்று அடிப்பார்!

முதல் நாள் அடித்தார். பன்னிரண்டு பேரும் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார்கள். மைத்துனருக்கு மீசை ஒரு விரல்கடை வளர்ந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மில் ஊதியது. நடவு நட்ட பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். அவர்களில் மொக்கம்மாள் கேட்டார், "என்ன மொதலாளி, கேக்கலையா? அடிங்க!"

"எதுக்கு அடிக்கணும்? பொழுது இன்னும் அங்கன கெடக்கு!"

"காலையில அவுக ஊதவும் நீங்க அடிச்சீகல்ல? இப்பயும் ஊதிட்டாக. அடிக்கலைன்னா நாளைக்கு எங்களுக்குக் காது கேக்காது, பாத்துக்கிடுங்க."

அடிக்கவில்லை இவர். மறுநாள் காலை தோள் வலிக்க வலிக்க அடித்தார், ஒரு ஆள்கூட வரவில்லை. வேப்பமரத்துக் காக்கைகள் மட்டும் வந்து என்னவென்று கேட்டுவிட்டுப் போயின. அதற்கடுத்த நாளிலிருந்து காலையிலும் மணி, மாலையிலும் மணி! உண்டா இல்லையா, மைத்துனரே? தலையைக் குனிகிறார், உண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. பொழுது சாயும்வரை இருபது பேர் நட்டால் ஐந்து நாள் பிடித்த நடவை, மணிக்கு வந்து மணிக்குப் போன பன்னிரண்டு பேர் அதே ஐந்து நாளில் முடித்துவிட்டார்கள். எப்படி? மாயமா? மந்திரமா? ஒன்றுமில்லை ஐயா! முன்னெல்லாம் நாற்றுக்கட்டு வந்து சேரும்வரை பாதிப் பேர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது மணிக்குப் பயந்து மைத்துனரே விடியலில் எழுந்து நாற்றைக் கொண்டுவந்து வைத்தார். விளைச்சல் குறைந்ததா? ஒரு மூட்டை குறையவில்லை!

அப்படியானால் அந்த எட்டுப் பேர் இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நிற்க வைத்திருந்தோம்! நின்றவர்கள் இன்று மில்லில் பருத்தி அரைத்துக் கொட்டையைப் பிரிக்கிறார்கள். நெல் குறையாமல் பஞ்சு கூடியது. இதற்குப் பெயர் நஷ்டமா, வளர்ச்சியா? முன்பு நம் பருத்தி கொட்டையோடு வெளியூர் போகும், வந்த விலைக்கு வாய் மூடிக்கொள்வோம். இன்று பஞ்சு ரயிலேறுகிறது, கொட்டை நம் மாட்டுத் தொட்டிக்கு வருகிறது. சனிக்கிழமை தேனிச் சந்தையில் நம் கத்திரிக்காயும் வாழைத்தாரும் உச்சிப்பொழுதுக்குள் விற்றுத் தீர்கின்றனவே, வாங்குவது யார்? கப்பலேறி வந்த துரையா? மில்லிலே கூலி வாங்கிய நம் ஊர்ப் பெண்கள்!

பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்கிறார், "அப்ப அறுப்புக்கு யாரு வருவா?" நல்ல கேள்வி. களத்தில் அளக்கிற கூலி நெல்லைக் கூட்டிக் கொடுங்கள், கூப்பிடாமலே வருவார்கள். "கட்டுபடியாகாதே" என்கிறீர்களா? எட்டுப் பேர் கூலி மிச்சம், அதில் கூட்டிக் கொடுத்த மைத்துனருக்கு ஆனது, உங்களுக்கும் ஆகும்.

சண்முகராஜ் அவர்களே, நீங்கள் கைதட்ட வேண்டாம், உங்களுக்கும் வைத்திருக்கிறேன். காலையில் கருகருவென்ற கூந்தலோடு உங்கள் மில்லுக்குள் போகிற பெண், மாலையில் பஞ்சுத் தூசி படிந்து நரைத்த தலையோடு வெளியே வருகிறாள். சொந்தப் பிள்ளைக்கே அடையாளம் தெரியவில்லை. நெஞ்சுக்குள்ளும் அந்தத் தூசி போகிறது ஐயா! சுவருக்கு நாலு ஜன்னல் வைத்தால் உங்கள் மில் இடிந்தா விழும்?

சரி. விளையாட்டெல்லாம் போதும். நான் ஏன் மனம் மாறினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

மில்லுக்குப் போன எட்டுப் பேரில் ஒருத்தி பஞ்சம்மாள். அவள் புருஷன் ஒச்சாண்டி, என்னிடம் ஏர் ஓட்டுகிறவன். தீர்மானத்தை எழுதிய சூட்டோடு சூடாக, அதை அவளுக்கு வாசித்துக் காட்டப் போனேன். வாசலில் உட்கார்ந்து தலையில் ஒட்டிய பஞ்சைச் சீவி எடுத்துக்கொண்டிருந்தாள். வாசித்தேன். "ஏத்தா, நீ மில்லை விடு. இல்லைன்னா ஒச்சாண்டிக்கு என்கிட்ட ஏர் கெடையாது" என்றேன்.

சீப்பைக் கீழே வைத்தாள். "விட்டுடுறேன் ஐயா. பெரியாத்துத் தண்ணிய அடைச்சு வாய்க்கா காஞ்சு கெடக்குற மூணு மாசம், எங்களுக்கு என்ன தருவீக?"

கையிலிருந்த தீர்மானக் காகிதத்தை மடித்தேன்.

"வருசா வருசம் அந்த மூணு மாசமும் மலையேறி ஏலத்தோட்டத்துக்குத்தானே போனோம்? ரெண்டு பிள்ளைகளோட ஏறி, ஒண்ணோட எறங்குனோம். மலைக்காய்ச்சல். அங்கனயே பொதைச்சிட்டு வந்தோம். மில்லு வந்தப்பறம் மலையேறல. இருக்குறது ஒரே பிள்ளை ஐயா. மறுபடி ஏறச் சொல்றீகளா?"

அழவில்லை அவள். என்னைத் திட்டவும் இல்லை. அந்தக் குழந்தை செத்த ஆண்டு என் வயலில் நல்ல விளைச்சல். ஒச்சாண்டி திரும்பி வந்து ஏர் பிடித்தான். ஒரு பிள்ளை குறைகிறதே என்று நான் கேட்கவே இல்லை. வெட்கமாக இருக்கிறது. இத்தனை பேர் முன்னால் சொல்லவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆள் நமக்கு வேண்டுமாம், ஆனால் ஒன்பது மாதம் மட்டும் வேண்டுமாம்! மீதி மூன்று மாதம் அவர்கள் காற்றைக் குடித்துக் கிடக்க வேண்டுமாம்! அந்த மூன்று மாதத்துக்கு ஒருவன் கஞ்சி ஊற்ற வந்தால், அவன் நம் ஆளைத் திருடிவிட்டானாம்! எந்த ஊர் நியாயம் இது?

தலைவர் அவர்கள் இப்போது கை தூக்கச் சொல்வார். தூக்குங்கள், தடையில்லை. ஆனால் ஒரே ஒரு வேண்டுகோள். வாய்க்கால் காய்ந்து கிடந்த மாதங்களில், தன்னிடம் வேலை செய்த ஒரு குடும்பத்துக்காவது ஒரு வேளை உலை வைக்க அரிசி கொடுத்தவர்கள் மட்டும் இந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்.

ம்... தூக்குங்கள். நான் காத்திருக்கிறேன்.

மைத்துனரே? பெரியவரே?

ஒரு கையும் காணோம். என் கையும் கீழேதான் இருக்கிறது. தலைவர் அவர்களே, எண்ணிப் பார்த்து முடிவைச் சொல்லிவிடுங்கள். பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கும் தாய்மார்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வணக்கம்.