இடது முன் சக்கரத்தைப் பின்னால் மாற்றியது குறித்து

பெயர் சுகுமாரன், தந்தை பெயர் முருகையா. வயது 54. கார் பழுது பார்க்கும் தொழில், சொந்தப் பட்டறை, சிடாம் கிரி, கெடா மாநிலம், மலேசியா. நாள் 14.7.2025, திங்கட்கிழமை, காலை மணி 9.40. இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். சனிக்கிழமை கொடுத்த முதல் வாக்குமூலத்தில், வேலை முடிந்த பிறகுதான் என் பட்டறையிலிருந்து கார் போனது என்று சொன்னேன். அது பொய். பயத்தில் சொன்னேன். இன்று என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவே போலீஸ் நிலையத்துக்கு வந்தேன்.

மருதம்மாள் எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அவர் மகள் நளினி, வயது 24, கூலிம் ஹைடெக் பூங்காவில் தொழிற்சாலை வேலை. அவர்களிடம் இருந்தது இருபத்தேழு வருடப் பழைய கார். 10ஆம் தேதி வியாழன் மாலை நளினி அதைக் கொண்டு வந்து, "அங்கிள், தொண்ணூறு தாண்டுனா ஸ்டீயரிங் உதறுது. ரெண்டு கையால புடிச்சாலும் நிக்கல லா, பயமா இருக்கு" என்றார். "பயப்படாத ம்மா, நாளைக்குப் பாத்து வைக்கிறேன்" என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை காரை நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போனேன். எண்பது வரை ஒன்றும் இல்லை. தொண்ணூறில் ஆரம்பித்தது, நூறில் என் முழங்கை வரை நடுக்கம் ஏறியது. பிரேக்கை மிதித்தபோது நடுக்கம் கூடவில்லை, ஆகவே பிரேக்கில் கோளாறு இல்லை. இருக்கை ஆடாமல் ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் கோளாறு முன் சக்கரத்தில். தோட்டத்துக் கார்களில் ரிம்முக்கு உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்து, எடை ஒரு பக்கமாகிவிடும். எங்கள் பக்கம் பாதிக் கார்களுக்கு இதுதான் வியாதி. சுரண்டிக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினேன். உதறல் குறையவில்லை.

அதன் பிறகு இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் மாட்டி, பின்னால் இருந்ததை முன்னால் மாட்டினேன். எந்தச் சக்கரம் கெட்டது என்று கண்டுபிடிக்க இது சுலபமான வழி. மூன்றாம் முறை ஓட்டியபோது ஸ்டீயரிங் அசையவே இல்லை, இருக்கைதான் அதிர்ந்தது. பட்டறைக்கு வந்து ஜாக் வைத்துத் தூக்கி, பின்னால் மாற்றிய அந்த டயரைச் சுற்றிப் பார்த்தேன். உள்பக்கச் சுவரில் அரை எலுமிச்சை அளவுக்கு வீக்கம். வேகமெடுத்தால் எந்த நேரமும் வெடிக்கும். உதிரி டயரும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தது. காரை ஜாக்கிலேயே விட்டிருக்க வேண்டும். புத்தி கெட்டவன், அந்த டயரோடேயே இறக்கி வைத்துவிட்டு, குருண் பட்டணத்துக் கடையில் அந்த அளவு டயர் இருப்பதாகப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டு கிளம்பினேன்.

என் பட்டறையில் வேலை முடிந்த காரின் சாவியை முருகன் படத்துக்குக் கீழே உள்ள ஆணியில் மாட்டுவேன். முடியாத காரின் சாவி என் சட்டைப் பையில் இருக்கும். இது வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். நான் இல்லாவிட்டாலும் ஆணியில் சாவி தொங்கினால் எடுத்துக்கொண்டு போவார்கள். அன்று வெள்ளிக்கிழமை. கிளம்பும் முன் கை கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டேன். கையில் இருந்த சாவியை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டேன். முப்பது வருடக் கைப்பழக்கம். மாட்டியதே எனக்குத் தெரியாது.

மணி 1.50க்கு குருண் டயர் கடையில் நின்றபோது நளினியின் குரல் பதிவு வந்தது. "அங்கிள், சாவி ஆணியில இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன். மூணு மணி ஷிஃப்ட்டு. ஸ்டீயரிங் ஆடவே இல்ல, பெஸ்ட் லா! சீட்டுதான் லேசா அதிருது, ரோடு சரியில்ல போல."

சட்டைப் பையைத் தடவினேன், சாவி இல்லை. அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைக்கப் பயம், போனை எடுக்க ஸ்டீயரிங்கிலிருந்து கையை விட்டுவிடுவாளோ என்று. அழைக்காமலும் இருக்க முடியவில்லை. "ஓரமா நிப்பாட்டு ம்மா, ஓட்டாத, டயர் வெடிச்சிடும்" என்று குரல் பதிவு அனுப்பினேன். அவர் கேட்டதற்கான நீலக்குறி வரவில்லை. அதன் பிறகு என் காரில் தெற்கே, கூலிம் பக்கம் விரட்டினேன். ஓரமாக நின்ற ஒவ்வொரு காரையும், இதுவாக இருக்கட்டும் முருகா என்று பார்த்துக்கொண்டே போனேன். மணி 2.35க்கு முன்னால் வாகனங்கள் எல்லாம் நின்றிருந்தன. இறங்கி ஓடினேன். சாலையில் டயர் துண்டு கிடந்தது. நான் மாட்டிய டயர், பார்த்ததும் தெரிந்தது. அதற்கு மேல் நான் போகவில்லை. திரும்பி வந்து என் காருக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை நீங்கள் கேட்டபோது, பழைய கார், பழைய டயர், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்துப் பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நளினியின் சாவு வீட்டுக்குப் போனேன். மருதம்மாள் எல்லார் முன்னாலும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க நல்லாத்தான் செஞ்சி குடுத்தீங்க. இவதான் வேகமா போய்ட்டா. எத்தன தடவ சொன்னேன், கேக்கலியே பாவி" என்று அழுதார். வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். நான் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சிறைக்குப் போக எனக்குப் பயம். அந்த அம்மாவின் முன்னால் நிற்க அதைவிடப் பயம். குரல் பதிவுள்ள என் கைப்பேசியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அந்த டயர் வெடிக்க அதிவேகம் தேவையில்லை, வேலைக்குப் போகிறவர்கள் போகிற வேகமே போதும்.

நான் தமிழில் சொன்னது மலாய் மொழியில் எழுதப்பட்டு, தமிழில் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாரும் மிரட்டியோ சொல்லிக் கொடுத்தோ இதைச் சொல்லவில்லை. மேலே உள்ளது முழுவதும் உண்மை. இதை மருதம்மாளுக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மகளை அவர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

கையொப்பம்: சுகுமாரன்